காவல், விசாரணை சார்ந்த வேலைக்கு மாறுகிறீர்களா? ரெசுமேயின் முதல் மூன்று வரிகள்

கோலாலம்பூருக்கு வந்து சேர்ந்த கையோடு, பழைய தொழிலை விட்டுக் காவல் அல்லது விசாரணை சார்ந்த வேலைக்கு மாற நினைப்பவர்கள் பலர். ரெசுமேயில் கை வைக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அரச மலேசியக் காவல் படையில் சேர மலேசியக் குடியுரிமை வேண்டும். சுங்கத் துறை, குடிநுழைவுத் துறைக்கும் அப்படித்தான். நிரந்தரவாசிகளின் சிவப்பு அடையாள அட்டை இருந்தாலும் சீருடை வேலை கிடைக்காது.

காவலாளி வேலையாவது கிடைக்குமா என்றால், வெளிநாட்டவரில் நேபாளிகளை மட்டுமே அதற்கு அனுமதிக்கிறார்கள். ஊரில் ஏஜென்ட் யாராவது "மலேசியாவில் செக்யூரிட்டி வேலை, விசா ரெடி" என்று சொல்லிப் பணம் கேட்டால், தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

சரி, நமக்கு எது திறந்திருக்கிறது? வங்கிகளில் பணமோசடித் தடுப்புப் பிரிவு, காப்பீட்டு நிறுவனங்களில் கிளெய்ம் விசாரணை, பேரங்காடிகளிலும் கிடங்குகளிலும் சரக்கு இழப்புத் தடுப்பு. இவை தனியார் வேலைகள். உங்கள் பாஸ் (மலேசியாவில் தங்குவதற்கான குடிநுழைவு அனுமதி) இடம் கொடுத்தால் விண்ணப்பிக்கலாம். ரெசுமேயில் 'நோக்கம்' என்று மேலே எழுதும் சில வரிகள் இங்கேதான் உதவும். பத்து வருடம் வேறு தொழிலில் இருந்தவர் ஏன் இதற்கு வருகிறார் என்ற கேள்வி படிப்பவருக்கு உடனே வரும். அதற்கு அந்த வரிகள் பதில் சொல்ல வேண்டும்.

நம் ஊர் ரெசுமேக்களில் வழக்கமாக என்ன இருக்கும்? "ரெப்யூட்டட் ஆர்கனைசேஷனில் சேலஞ்சிங் பொசிஷன்" வேண்டும் என்று இருக்கும். அதை அடித்துவிடுங்கள். "சிறு வயதிலிருந்தே போலீஸ் ஆக ஆசை" என்பதும் வேண்டாம். ஆசை உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதை வைத்து யாரும் வேலை தருவதில்லை. பழைய வேலையில் கண்காணித்தது, பதிவு செய்தது, விசாரித்தது எது என்று தேடி எடுங்கள்.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் தளக் கண்காணிப்பாளராக இருந்தவரை எடுத்துக்கொள்வோம். "விற்பனைத் துறை அனுபவம்" என்று எழுதினால் அவர் விற்பனையாளர், அவ்வளவுதான். ஆனால் அவர் தினமும் இரவு சரக்கிருப்பைக் கணக்குப் பார்த்தவர். துணி குறைந்த நாட்களில் கேமரா பதிவை ஓட்டிப் பார்த்து, ஊழியர்களிடம் தனித்தனியாகக் கேட்டு, முதலாளிக்கு எழுத்தில் அறிக்கை கொடுத்தவர். அவருடைய நோக்கம் இப்படி இருக்கலாம்:

"ஜவுளி விற்பனையகத்தில் எட்டு ஆண்டுகள் சரக்கிருப்புச் சரிபார்ப்பு, கேமரா பதிவு ஆய்வு, சம்பவ அறிக்கை ஆகியவற்றைக் கவனித்தவன். இந்த அனுபவத்தோடு பேரங்காடியின் இழப்புத் தடுப்புப் பிரிவில் சேர விரும்புகிறேன். தமிழ், ஆங்கிலம் சரளம், மலாய் பேச்சளவில்."

இதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள். மூன்று வரிகளுக்கு மேல் போக வேண்டாம். மலாய் தெரியாவிட்டால் தெரியும் என்று எழுதாதீர்கள். நேர்காணலில் இரண்டே கேள்வியில் தெரிந்துவிடும். விசாரணை வேலைக்கு வருபவரின் ரெசுமேயிலேயே பொய் இருந்தால் அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

வங்கியிலிருந்து வருபவர்களுக்கு இது இன்னும் சுலபம். இந்தியாவில் பணமோசடித் தடுப்புச் சட்டம் 2002-ஐச் சேர்ந்தது. மலேசியாவிலும் அதே போன்ற சட்டம் உண்டு, அது 2001-ஐச் சேர்ந்தது. சந்தேகப் பரிவர்த்தனையை இங்கே மத்திய வங்கியான பேங்க் நெகாராவிடம் தெரிவிக்க வேண்டும். மதுரையில் ஒரு கிளையில் வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு செய்தவர், "காசாளர்" என்பதோடு நிறுத்திக்கொள்வது பெரிய இழப்பு. அந்தச் சரிபார்ப்பு வேலையை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

நோக்கத்துக்குக் கீழே உங்கள் பாஸ் நிலையையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். மலேசியரை மணந்து வந்தவர்கள், பாஸில் வேலை செய்ய அனுமதி குறிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். வேலை அனுமதிக்கு நிறுவனமே விண்ணப்பிக்க வேண்டிய நிலை என்றால் அதையும் மறைக்க வேண்டாம்.

அப்புறம், இத்தகைய வேலைகளில் நன்னடத்தைச் சான்று கேட்கக்கூடும். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகம் (ஹை கமிஷன்) வழியாகக் காவல் துறைச் சான்று பெறலாம். ஊரில் உள்ள காவல் நிலையத்துக்கு விசாரணைக்கு அனுப்பினால் நாள் பிடிக்கும். எனவே ரெசுமே அனுப்பத் தொடங்கும்போதே அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.