ஈடேலுக்கு முதல் தடவை நடக்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் டெர்பிஷயரில், மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே, ஒரு பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கிற சின்ன ஊர் ஈடேல். இரண்டு நகரங்களிலும் படிக்கவும் வேலைக்கும் வந்திருக்கிற நம்மவர்கள் இப்போது கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். சனிக்கிழமை காலை ரயிலில் தமிழ் நன்றாகவே காதில் விழுகிறது. சந்தோஷம்தான். ஆனால் நாங்கள் பத்து வருடத்துக்கு முன்பு செய்த கூத்துகளையே வரிசை மாறாமல் இவர்களும் செய்வதைப் பார்க்கும்போது, யாராவது எழுதி வைத்தால் தேவலை என்று தோன்றுகிறது.

நல்ல ஷூ போடுங்கள், மழைக்கோட்டு எடுங்கள், தண்ணீர் வேண்டும் என்பதையெல்லாம் சொல்லப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஜீன்ஸில் வருகிறவர்களை நான் திருத்த முடியாது.

மான்செஸ்டர் வானத்தைப் பார்த்துக் கிளம்புவது

மான்செஸ்டர் பக்கமிருந்து வரும் ரயில் கௌபர்ன் சுரங்கத்துக்குள் நுழைந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருட்டில் ஓடி, ஈடேல் பள்ளத்தாக்கில் வெளியே வரும். சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் வெயில், இந்தப் பக்கம் மேகம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஊர் இருப்பது சுமார் 250 மீட்டர் உயரத்தில், ஏறப் போவது 600 மீட்டருக்கு மேல். ஊரில் தூறலாக இருப்பது மேலே காதைக் கிழிக்கும் காற்றாக இருக்கும். போனில் வருகிற நகர வானிலையைப் பார்க்காதீர்கள். பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆபீஸ், இந்த வட்டாரமான பீக் டிஸ்ட்ரிக்ட்டின் மலைகளுக்கென்று தனி முன்னறிவிப்பு தருகிறது. அதில் மேகம் எந்த உயரத்தில் நிற்கும் என்று ஒரு வரி இருக்கும். மற்றதைப் படிக்காவிட்டாலும் அதைப் படியுங்கள்.

குடை

வேண்டாம்.

"ஊர் நடுவில் சந்திப்போம்"

நடு என்று ஒன்று இல்லை. அப்பர் பூத், பார்பர் பூத், கிரிண்ட்ஸ்புரூக் பூத், ஆலர்புரூக் பூத், நெதர் பூத் என்று ஐந்து சிற்றூர்கள் பள்ளத்தாக்கு நெடுகச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு காலத்தில் மாடு மேய்ப்பவர்கள் தங்கிய குடில்கள் அவை. நாம் ஈடேல் என்று நினைப்பது தேவாலயமும் பழைய பப்பும் இருக்கிற கிரிண்ட்ஸ்புரூக் பூத். பள்ளத்தாக்கில் சிக்னலும் வரும், போகும். ஆகவே சந்திப்பு ஸ்டேஷன் வாசல், இல்லையென்றால் ஓல்ட் நாக்ஸ் ஹெட் பப். வேறு எந்த இடத்தையும் சொல்லாதீர்கள்.

636 என்ற எண்ணைத் துரத்துவது

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஊருக்கு வடக்கே நிற்கிற கிண்டர் ஸ்கௌட் பீக் டிஸ்ட்ரிக்டிலேயே உயரமான இடம்: 636 மீட்டர். மலை என்றதும் நாம் கற்பனை செய்கிற கூர்மையான உச்சி அதற்கு இல்லை. மேலே பரந்து கிடப்பது ஒரு மேட்டுநிலம். அதன் விளிம்பைச் சுற்றி நல்ல பாதை ஓடுகிறது. கிரிண்ட்ஸ்புரூக் ஓடையோரமாக ஏறி, பாறைகளைத் தாண்டி மேலே வந்ததும் அந்தப் பாதை கிடைக்கும். இடப்பக்கம் திரும்பினால் கிரௌடன் டவர், காற்றும் மழையும் செதுக்கிய விசித்திரமான பாறைக் கூட்டம், பிறகு கிண்டர் லோ, அங்கிருந்து ஜேக்கப்ஸ் லேடர் என்ற பாதை வழியாக இறக்கம். சுமார் 14 கிலோமீட்டர். அருமையான நாள் நடை.

சிக்கல் என்னவென்றால், 636 என்ற அந்த உச்சம் விளிம்பில் இல்லை. மேட்டுநிலத்தின் உள்ளே இருக்கிறது. கிண்டர் லோவில் நிற்கிற வெள்ளைத் தூண் 633 மீட்டர். போன் செயலியில் அங்கிருந்து பார்த்தால் உச்சிப் புள்ளி ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. கிரௌடன் டவரிலிருந்தும் ஏறக்குறைய அதே தூரம்தான். "மூணே மீட்டர் உயரம், தரை சமமா இருக்கு, பத்து நிமிஷம்ணா, போயிட்டு வந்துடலாம்." இதை எத்தனை வாயிலிருந்து கேட்டுவிட்டேன்!

தரை சமமாக இல்லை. மேலே மூடியிருப்பது பீட், அதாவது ஆயிரக்கணக்கான வருடம் மட்கி மட்கிச் சேர்ந்த கறுப்புத் தாவரச் சேறு. சில இடங்களில் அதன் ஆழம் ஓர் ஆளை விட அதிகம். மழைநீர் அதை அறுத்து அறுத்து நூற்றுக்கணக்கான வாய்க்கால்களாக்கியிருக்கிறது. இங்குள்ளவர்கள் இவற்றை 'கிரஃப்' என்கிறார்கள். ஒன்றில் இறங்கினால் தலைக்கு மேல் கரை, வெளியே எதுவும் தெரியாது. ஏறினால் நாலடியில் அடுத்தது. வரைபடத்தின் உயரக்கோடுகளுக்குள் இரண்டு மீட்டர் பள்ளமெல்லாம் அகப்படாது, செயலிக்கும் தெரியாது. திரையில் நேர்கோடு. காலடியில் இடம், வலம், பின்னே, மறுபடி இடம். திசைகாட்டி வைத்திருப்பவருக்கே நாலு வாய்க்கால் தாண்டுவதற்குள் திசை நழுவிவிடும்.

பென்னைன் வே என்கிற பிரிட்டனின் புகழ்பெற்ற நெடும்பாதை 1965-இல் திறக்கப்பட்டது. ஈடேலில்தான் தொடக்கம், ஸ்காட்லாந்துக்குள் கர்க் யெத்தம் வரை 268 மைல். முதலில் அது கிரிண்ட்ஸ்புரூக் வழியாக ஏறி இந்த மேட்டின் குறுக்கேதான் போனது. பிறகு அதை ஜேக்கப்ஸ் லேடர் பக்கம் மாற்றிவிட்டார்கள். காரணம் அரிப்பு. மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைப் புகை இறக்கிய அமில மழை, ஆட்டு மேய்ச்சல், தீ எல்லாமாகச் சேர்ந்து செடி கொடியை அழித்து, பீட்டை வெறுமனே விட்டிருந்தன. அதன்மேல் ஆயிரக்கணக்கான பூட்ஸ். 2003-இலிருந்து இந்தப் பகுதி மேடுகளில் வாய்க்கால்களுக்குக் குறுக்கே சின்னத் தடுப்புகள் கட்டி, ஸ்ஃபாக்னம் பாசி நட்டு, தண்ணீரைத் தேக்கிக்கொண்டிருக்கிறார்கள். மேடு பிழைத்துவருகிறது. ஆனால் நடுவே போகிறவர்களுக்குச் சேறு முன்பைவிட ஈரம். இதையும் கணக்கில் வையுங்கள்.

போன வருடம் இலையுதிர்காலத்தில் எங்கள் குழுவோடு வந்த நாலு இளைஞர்கள், நாங்கள் கிரௌடன் டவரில் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், சொல்லாமல் உள்ளே போனார்கள். தேடிக்கொண்டு பின்னாலேயே போனேன். முதல் வாய்க்காலுக்கு அப்பால் ஒரு தம்பி ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். மற்றக் காலில் சாக்ஸ் மட்டும். ஷூ சேற்றுக்குள்ளே இருந்தது. அது போன இடத்தில் கறுப்புத் தண்ணீர் நிரம்பி ஒன்றும் நடக்காத மாதிரி மூடிக்கொண்டிருந்தது. தோள் வரை கையை விட்டுத்தான் அதை எடுக்க வேண்டியிருந்தது. ஷூ வந்தது, உள்ளிருந்த பாதப் பட்டை வரவில்லை. அவரை விளிம்புக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினால், மேகம் இறங்கிவிட்டது. மீதி மூன்று பேரைக் காணவில்லை.

அந்த மூவர் செய்தது, எல்லா இடத்திலும் புத்திசாலித்தனமாகப் படுகிற காரியம். வழி தெரியாவிட்டால் தண்ணீர் ஓடுகிற பக்கம் இறங்கு, ஊர் வரும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்திருக்கிறது. மேட்டின் நடுவிலிருந்து தண்ணீர் ஈடேலுக்கு ஓடுவதில்லை. மேற்கே கிண்டர் ஆறாகி, கிண்டர் டவுன்ஃபால் என்ற 30 மீட்டர் அருவியாக விழுகிறது. மேகத்துக்குள் அதன் உதட்டுக்கு நேராக உங்களைக் கொண்டுபோய் விடும் அந்த ஓடை. மூவரின் அதிர்ஷ்டம், அன்று மேற்குக் காற்று பலமாக இருந்தது. அருவித் தண்ணீரைக் காற்று மேல்நோக்கித் திருப்பி அடிக்கிற இடம் அது. முகத்தில் சாரல் பட்டதும் நின்றுவிட்டார்கள். பிறகு அந்தப் பக்கத்துப் பாதையைப் பிடித்து இறங்கி, இருட்டில் ஹேஃபீல்டு போய்ச் சேர்ந்தார்கள். மலைக்கு மறுபுறம் இருக்கிற வேறு ஊர் அது. அதன் ரயில் பாதையை 1970-இலேயே மூடிவிட்டார்கள். கார் ஈடேலில், ஆட்கள் ஹேஃபீல்டில், நாங்கள் மேலே கத்திக்கொண்டு. டாக்ஸிக்குக் கொடுத்த பணத்தில் ஆளுக்கொரு நல்ல பூட்ஸ் வாங்கியிருக்கலாம்.

எரிச்சல் எனக்கு எங்கே வருகிறதென்றால், மறுநாள் அதில் ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டது: "அண்ணா, 636-ல அப்படி என்ன இருக்கு?" ஒன்றும் இல்லை. சேற்று மேட்டில் ஒரு சின்னக் கற்குவியல். சுற்றியிருக்கிற மேடுகளுக்கும் அதற்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பார்க்க வேண்டிய காட்சியெல்லாம் விளிம்பில்தான் இருக்கிறது.

உள்ளே மாட்டிக்கொண்டால்: தெற்கே திரும்பி, வாய்க்கால் எவ்வளவு இழுத்தாலும் திரும்பத் திரும்பத் தெற்கைச் சரிபார்த்து நடங்கள். ஈடேல் பக்கத்து விளிம்புப் பாதை குறுக்கே வந்தே தீரும். அதைத் தாண்டாதீர்கள்.

தூரத்தை மட்டும் வைத்து நேரம் போடுவது

ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்னும் பழுதில்லை: மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம். அதன்படி மேலே சொன்ன சுற்று மூன்றரை மணி நேரம். அது நிற்காமல், பேசாமல், தக்காளிச் சோற்று டப்பா திறக்காமல் நடப்பவருக்கு. நம் கூட்டத்துக்கு ஆறு மணி நேரம் வையுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் தள்ளியபின் பொழுது திடீரென்று சுருங்கும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். பதினொன்றரைக்கு ஸ்டேஷனில் டீ குடித்துக்கொண்டிருந்தால் அன்று கிண்டர் வேண்டாம்.

வயலும் மேடும் ஒன்றுதான் என்று நினைப்பது

மேட்டில் எங்கும் நடக்கலாம் என்ற உரிமை சும்மா வந்ததல்ல. 1932 ஏப்ரல் 24 அன்று பென்னி ராத்மன் என்பவர் முன்னிற்க, சில நூறு பேர் ஹேஃபீல்டிலிருந்து தடையை மீறிக் கிண்டரில் ஏறினார்கள். 5 பேருக்குச் சிறை. 1951-இல் பீக் டிஸ்ட்ரிக்ட் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம்தான் திறந்த மேடுகளில் நடக்கும் உரிமையைத் தந்தது.

கீழே பள்ளத்தாக்கின் புல்வெளிகளுக்கு அது பொருந்தாது. அங்கே பாதையில் மட்டும், ஒருவர் பின் ஒருவராக. அந்தப் புல் குளிர்காலத்தில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனி. ஒரு சமயம் நம் அக்கா ஒருவர் படத்துக்காக மதில்மேல் ஏறினார். சிமெண்ட் இல்லாமல் கல்லைக் கல் தாங்கி நிற்கிற மதில் அது. மேல்கல் சரிய, அதைத் தொடர்ந்து ஒரு கஜம் சரிந்தது. விவசாயி வண்டியில் வந்து, திட்டவில்லை. இறங்கிக் கற்களைப் பெரிது சிறிதாகப் பிரித்து வைக்க ஆரம்பித்தார். நாங்களும் எடுத்துக் கொடுத்தோம். பிற்பகல் முழுக்கப் போனது. கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விடுங்கள்.

பார்பிக்யூ தட்டு

கூடவே கூடாது. பீட் எரிய ஆரம்பித்தால் மண்ணுக்குள்ளேயே நாட்கணக்கில் எரியும்.

நாய்

மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை மேட்டில் கட்டாயம் கயிற்றில். தரையில் முட்டையிடும் பறவைகள்.

மாம் டாரை 'சும்மா ஒரு சுற்று' என்று நினைத்துக் காரில் வருவது

பள்ளத்தாக்கின் தெற்குச் சுவர் மாம் டார், 517 மீட்டர். கல் பாவிய பாதை, குழந்தைகளும் ஏறிவிடுவார்கள். அதில் குறை இல்லை. ஆனால் மலையின் கிழக்கு முகம் ஆயிரக்கணக்கான வருடமாகச் சரிந்துகொண்டே இருக்கிறது. அதன் குறுக்கே போன பழைய நெடுஞ்சாலையைப் பழுதுபார்த்துப் பார்த்துச் சலித்து 1979-இல் மூடிவிட்டார்கள். தார் அடுக்கடுக்காகப் பிளந்து கிடக்கிறது, நடந்து பார்க்க நன்றாக இருக்கும். கார்கள் இப்போது காஸில்டனிலிருந்து வின்னட்ஸ் பாஸ் வழியாகத்தான் ஏறுகின்றன. குறுகல், ஐந்துக்கு ஒன்று என்கிற சரிவு, ரோட்டில் செம்மறி ஆடுகள். லைசென்ஸ் வாங்கிய மறுமாதம் ஓட்டிப் பழக அது இடமல்ல. ஈடேலில் இறங்கி, ஹாலின்ஸ் கிராஸ் வழியாக முகட்டில் ஏறுங்கள். ஈடேலில் தேவாலயம் இல்லாத காலத்தில் சவப்பெட்டிகளை மலைக்கு மறுபக்கத்துத் தேவாலயத்துக்குத் தூக்கிப் போன வழி. நம்மால் தோள்பையோடு ஏற முடியும்.

மீட்புக் குழுவைக் கூப்பிடத் தயங்குவதும், சும்மா கூப்பிடுவதும்

இரண்டுமே நடக்கிறது. 1964 மார்ச்சில் ஃபோர் இன்ஸ் என்ற நடைப்போட்டியில் மூன்று இளம் சாரணர்கள் பக்கத்து மேட்டில் குளிரில் இறந்தார்கள். இந்த வட்டாரத்து மீட்புக் குழுக்கள் ஒரே அமைப்பாகச் சேர்ந்தது அதன் பிறகுதான். இன்றும் எல்லோரும் தன்னார்வலர்கள். ராத்திரிச் சாப்பாட்டிலிருந்து எழுந்து வருகிறவர்கள், காசு கேட்பதில்லை. களைத்துவிட்டோம், டார்ச் எடுக்க மறந்தோம் என்பதற்கெல்லாம் அவர்களை மேலே இழுக்கக் கூடாது. அடிபட்டாலோ, நடுக்கம் நிற்காமல் பேச்சுக் குழறினாலோ ஒரு நிமிடமும் யோசிக்கக் கூடாது. 999-ஐ அழைத்து முதலில் போலீஸ் கேளுங்கள், பிறகு மௌண்டன் ரெஸ்க்யூ. விசில் இருந்தால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள்.

பேசுவதற்குச் சிக்னல் போதாத இடத்தில் குறுஞ்செய்தி போய்விடும். ஆனால் 999-க்குச் செய்தி அனுப்ப முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும்: 'ரிஜிஸ்டர்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் 999-க்கு அனுப்பி, திரும்பி வருவதற்கு 'யெஸ்' என்று பதில் போட வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய ராத்திரி, குழுவில் எல்லோர் போனிலும்.