பெர்ல் ஃபார்ம்ல ஒரு டிக் விட்டுப்போனா கிலோ ஏன் காணாம போகுது?

பெர்ல்ங்கிற ப்ரோகிராமிங் மொழியை இன்ஸ்டால் பண்ணி, சர்வர்ல சிஜிஐ (வெப் ஃபார்ம்ல வர்றதை ஸ்கிரிப்ட்டுக்கு குடுக்குற முறை) ஓட்டுற வரைக்கும் வந்துட்டீங்கன்னு வச்சுக்கிறேன்.

மொதல்ல டெர்மினல்ல பிரிண்ட் லோக்கல்டைம்னு ஓட்டுங்க, லோக்கல்டைம்ங்கிறது இப்பத்த நேரத்தை குடுக்குற ஃபங்ஷன். ஒன்பது மதிப்பும் ஒட்டிக்கிட்டு ஒரே நீள நம்பரா வரும். நடுவுல ஸ்கேலர்னு (ஒத்த மதிப்பு போதும்னு அர்த்தம்) சேத்தா கிழமை, மாசம், தேதி, மணின்னு அழகா வரும். ஃபங்ஷன் அதேதான், கூப்பிடுற இடம் லிஸ்ட் கேக்குதா ஒத்த மதிப்பு கேக்குதான்னு பாத்து பதிலை மாத்துது. $நேரம் = லோக்கல்டைம்னா அந்த தேதி வரி, ($நேரம்)னு பிராக்கெட் போட்டா வெறும் செகண்ட் மட்டும்தான்.

நாம எழுதுற ஃபங்ஷன்லயும் வான்ட்அரே (எந்த மாதிரி கூப்பிட்டாங்கன்னு சொல்றது) வச்சு இதை செய்யலாம்: லிஸ்ட்னா உண்மை, ஸ்கேலர்னா பொய், யாருமே பதிலை வாங்கலைனா அன்டெஃப் (மதிப்பே இல்லைன்னு அர்த்தம்). எனக்கு இது புடிக்காது, ரெண்டு வேலைக்கு ரெண்டு ஃபங்ஷன் எழுதிட்டு போங்க.

இப்ப இதே குணம் ஃபார்ம்ல என்ன பண்ணுதுன்னு பாப்போம். கம்பத்துல ஒரு ஏலக்கா கடை, குமுளி மேட்டுல இருந்து எறங்குற சரக்கை பதியுற பழைய ஸ்கிரிப்ட். பேரு, 'காஞ்சதா'னு ஒரு செக்பாக்ஸ், கிலோ, மூணையும் ஹேஷ் (கீ, மதிப்புன்னு ஜோடியா வைக்கிற எடம்) ஒண்ணுல, ஃபார்ம்ல வந்த மதிப்பை எடுக்குற பாரம் (param) ஃபங்ஷனை நேரா கூப்பிட்டு ரொப்பியிருந்தாங்க. காஞ்ச காய்க்கு எல்லாம் சரி, பச்சக்காய் வந்தா கிலோ காணோம்! டிக் பண்ணாத செக்பாக்ஸை பிரவுசர் அனுப்பவே அனுப்பாது, ஹேஷுக்குள்ள லிஸ்ட் கேக்குற எடம் (லிஸ்ட் கான்டெக்ஸ்ட்)ங்கிறதால பாரம் காலி லிஸ்ட் குடுக்கும், அன்டெஃப் கூட கெடையாது, அந்த எடமே இல்லாம போயிரும், அப்புறம் வரிசைல பின்னாடி இருக்கறதெல்லாம் ஒரு எடம் முன்னாடி நகரும். ஹேஷ்ல என்ன இருக்குன்னு டம்ப் எடுத்துப் பாத்தா 'காஞ்சதா'வுக்கு மதிப்பு 'கிலோ'ங்கிற சொல்லு, கிலோவுக்கு குடுத்த 50 தனியா ஒரு கீ. (இப்படி டம்ப் எடுக்குற மாடியூலான டேட்டா டம்ப்பர் இல்லாம இதெல்லாம் தேடாதீங்க.)

சரி பண்ண, ஹேஷுக்குள்ள இருக்கற ஒவ்வொரு பாரத்துக்கும் முன்னாடி ஸ்கேலர் போடுங்க. வேலை முடிஞ்சுது.

இதுல திருட்டு வேலையும் நடக்கும். யூஆர்எல்ல 'காஞ்சதா'வுக்கு 1, அட்மின், 1னு மூணு தடவ குடுத்தா ஹேஷுக்குள்ள அட்மின்னு ஒரு கீ தானா வந்து ஒக்காரும். 2014ல, மென்பொருள் பிழைகளை பதியுற பக்ஸில்லாவே இந்த மாதிரி ஓட்டைல மாட்டுச்சு, அடுத்தவங்க ஈமெயில்ல அக்கவுன்ட் தொடங்க முடிஞ்சுது. அதுக்கப்புறம்தான் சிஜிஐ மாடியூல் 4.05ல லிஸ்ட்ல பாரம் கூப்பிட்டா வார்னிங் வர்ற மாதிரி பண்ணாங்க. அந்த வார்னிங்கை அமுக்கி வைக்காதீங்க ப்ளீஸ்.

அப்டேட்: போடில இருந்து ஒரு தம்பி, ஒரே பேர்ல நாலஞ்சு செக்பாக்ஸ் இருந்தா ஸ்கேலர் மொதல் மதிப்பை மட்டும்தான குடுக்கும்னு கேட்டாரு. ஆமா தம்பி, அங்க எல்லா மதிப்பையும் குடுக்குற மல்ட்டி_பாரம் போடுங்க, ஆனா அதைச் சுத்தி [ ] மறக்காதீங்க, இல்லேன்னா மறுபடி ஹேஷுக்குள்ள சிதறும். புதுசா ஆரம்பிக்கிறவங்க மோஜோலிசியஸ்ங்கிற பெர்ல் வெப் ஃப்ரேம்வொர்க்கை எடுத்துக்கங்க, அதுல பாரம் எப்பவும் ஒரே மதிப்புதான், கடைசியா வந்தது. மொத்தமா வேணும்னா எவ்ரி_பாரம்.