சாகாத டிஸ்க்கைச் சாகடிக்கும் வழிகள்

சில வருஷங்களுக்கு முன், ஜூலை மாதக் கடைசி வாரம். தெரிந்த ஆடிட்டர் அலுவலகம் ஒன்றிலிருந்து போன். "சார், டேலி டேட்டா இருந்த டிஸ்க் படுத்துடுச்சு. முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள ரிட்டர்ன் போடணும், கொஞ்சம் உடனே வாங்க." நான் போய்ச் சேர மாலை ஆகிவிட்டது. அதற்குள் நடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன்.

காலை பத்து மணிக்கு டிஸ்க்கிலிருந்து 'டிக்... டிக்...' என்று சத்தம். உடனே ஐந்தாறு தடவை ரீஸ்டார்ட். பிறகு அங்கே வேலை பார்க்கும் தம்பி யூடியூப் பார்த்து, விண்டோஸில் டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கருவியை ஓடவிட்டிருக்கிறான். அது பாதியில் நின்றதும் டிஸ்க்கைக் கழற்றி, மேஜை ஓரத்தில் லேசாகத் தட்டியிருக்கிறார்கள். மதியம் யாரோ சொன்ன யோசனைப்படி பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தபோது அது ஐஸ் டிரேக்குப் பக்கத்தில் படுத்திருந்தது.

காலையில் அந்த டிஸ்க் பழுதுதான் ஆகியிருந்தது. மாலைக்குள் அதைக் கொன்றுவிட்டார்கள். என்னிடம் வரும் டிஸ்க்குகளில் பலவற்றின் கதை இதுதான். பழுது தின்றது கொஞ்சம், அதன் பிறகு நாம் பார்த்த வைத்தியம் தின்றது மீதி.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கை தானாகவே நின்றுவிடும். டிஸ்க்குக்குள் இருக்கும் தகடுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றுகின்றன. அவற்றுக்கு மேலே, தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில், டேட்டாவைப் படித்து எழுதும் ஹெட் மிதக்கிறது. மனிதத் தலைமுடியின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர். ஹெட் வழிதெரிந்து போவதற்காகத் தகட்டிலேயே அடையாளக் குறிகள் எழுதப்பட்டிருக்கும். ஹெட் பழுதானாலோ குறிகள் அழிந்தாலோ, அதன் கை பின்னால் போய் மறுபடி வந்து தேடும். நமக்குக் கேட்கும் 'டிக்' அதுதான். சேதமான ஹெட் தகட்டில் உரசினால் டேட்டா இருக்கும் காந்தப் பூச்சு சுரண்டப்பட்டுத் தூளாகிறது. அந்தத் தூள் மற்ற இடங்களையும் கீறுகிறது. 'இன்னும் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்று பவர் கொடுப்பது, விளைந்த வயலில் ஏர் ஓட்டுவதற்குச் சமம்.

ஆகவே டிக் சத்தமோ, கரகரவென்ற உரசலோ, சுற்ற முடியாமல் முனகும் 'பீப்' சத்தமோ கேட்டால் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். ஷட் டவுன் ஆகும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

சத்தமே இல்லை, கம்ப்யூட்டருக்கு டிஸ்க் தெரியவும் இல்லை என்றால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கேபிளையும் யூஎஸ்பி போர்ட்டையும் மாற்றுங்கள், அடாப்டரைச் சரிபாருங்கள். கேபிள் மாற்றியதும் உயிர் வந்தவை ஏராளம். உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் பட்டியலைத் திறக்க முடிந்தால் 5, 197, 198 ஆகிய எண்களில் கண் வையுங்கள். டிஸ்க்கில் டேட்டா எழுதப்படும் சின்னச் சின்ன இடங்கள்தான் செக்டர்கள். இவை மாற்றப்பட்ட செக்டர்கள், படிக்கத் திணறும் செக்டர்கள், படிக்கவே முடியாதவை. மூன்றில் எது ஏறிக்கொண்டே போனாலும் அந்த டிஸ்க்குக்கு நாள் குறித்தாயிற்று. 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி.

விண்டோஸ் கேட்கிறதே என்று

வெளி டிஸ்க்கைச் செருகியதும் 'பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?' என்று விண்டோஸ் கேட்கும். டிஸ்க் காலி என்று அதற்கு அர்த்தமில்லை. எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்று உள்ளே குறித்திருக்கும் அட்டவணையை அதனால் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். 'கேன்சல்' கொடுங்கள். தவறிப்போய் 'குவிக் ஃபார்மட்' ஆகியிருந்தால் போவது பெரும்பாலும் அட்டவணை மட்டுமே, கோப்புகள் கிடந்த இடத்திலேயே கிடக்கும். அந்த 'குவிக்' டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுத்தால் கதை வேறு. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து அது டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதுகிறது. அதற்குப் பிறகு மந்திரவாதி வந்தாலும் பயனில்லை.

செக்டிஸ்க்கைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. அது டேட்டாவைக் காப்பாற்ற வந்த கருவி அல்ல. அட்டவணையில் முரண் இல்லாமல் ஒழுங்குபடுத்துவதே அதன் வேலை. கணக்குப் பொருந்தாத துண்டுகளை ஃபோல்டரை விட்டுப் பிய்த்து, பெயரில்லாத .சிஎச்கே கோப்புகளாக ஒரு மூலையில் குவித்துவிடும். அதோடு 'ஆர்' விருப்பம் சேர்த்து ஓடவிட்டால் டிஸ்க் முழுவதையும் ஒரு செக்டர் விடாமல் படித்துப் பார்க்கும். சாகக் கிடக்கும் ஆளை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வது போல.

முதலில் நகல்

தொழில் தெரிந்தவர்கள் பழுதான டிஸ்க்கில் நேரடியாக ரெகவரி சாஃப்ட்வேரை ஓட்ட மாட்டார்கள். முதலில் முழு டிஸ்க்கையும் இன்னொரு நல்ல டிஸ்க்குக்கு நகல் எடுப்பார்கள், தேடலெல்லாம் நகலில்தான். இதற்கு லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி உண்டு. அன்டோனியோ டியாஸ் என்பவர் எழுதியது. அதன் புத்திசாலித்தனம், சிரமமில்லாமல் படிக்கக் கூடிய பகுதிகளை முதலில் அள்ளிவிடும். முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு கடைசியில்தான் அவற்றிடம் போகும். நடுவில் நின்றாலும் குறிப்பைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரும். சாதாரணமாக இழுத்துப் போட்டுக் காப்பி செய்யும்போது ஒரே கெட்ட கோப்பில் மணிக்கணக்காக முட்டிக்கொண்டு, டிஸ்க்கின் மிச்ச ஆயுளைத் தீர்த்துவிடுவோம். இது அப்படிச் செய்யாது.

ஒரே ஆபத்து, எது மூலம், எது இலக்கு என்ற வரிசை. மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க்கை எடுத்து உங்கள் டேட்டாவின் மேல் அழகாக நகல் எடுத்துக் கொடுத்துவிடும். இரண்டு டிஸ்க்கிலும் காகிதம் ஒட்டி, சீரியல் நம்பரைப் படித்துவிட்டுத்தான் நான் என்டரைத் தட்டுவேன். பயம் நல்லது. டிக் சத்தம் போடும் டிஸ்க்குக்கு இந்தக் கருவியும் வேண்டாம்.

நகல் கிடைத்த பிறகு டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவசக் கருவிகள் போதும். டெஸ்ட்டிஸ்க் தொலைந்த பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதியை, தேடித் தரும். ஃபோட்டோரெக் கோப்பின் தொடக்க அடையாளத்தை வைத்தே படங்களைப் பொறுக்கும், ஆனால் கோப்பின் பெயரைத் திருப்பித் தராது. ஆயிரக்கணக்கான கல்யாணப் படங்களை எண்களாகப் பெற்ற ஸ்டூடியோக்காரர் ஒருவர், தாலி கட்டும் படத்தைத் தேடி ஒரு வாரம் உட்கார்ந்திருந்தார்.

டிஸ்க் நல்லாத்தான் இருக்கிறது, கைதவறிக் கோப்பை அழித்துவிட்டோம் என்றால் செய்யக்கூடாதது ஒன்றுதான்: அதே டிரைவில் எதையும் எழுதுவது. ரெகவரி சாஃப்ட்வேரை அதே டிரைவில் டவுன்லோடு செய்வதும், மீட்டதை அங்கேயே சேமிப்பதும் இதில் சேர்த்தி. தகடு இல்லாமல் சிப்பில் டேட்டாவை வைக்கும் எஸ்எஸ்டி என்றால் இந்த அவகாசமும் கிடைக்காது. கோப்பை அழித்ததும் 'ட்ரிம்' என்ற கட்டளை போய், அந்த இடத்தைத் துடைத்துக்கொள்ளலாம் என்று டிரைவிடம் சொல்லிவிடுகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் பலித்த வித்தைகள் எஸ்எஸ்டியில் பெரும்பாலும் பலிக்காததற்கு இதுவே காரணம்.

கை வைத்தியம்

ஃப்ரீசர் யோசனை எங்கிருந்து வந்தது? அந்தக் கால டிஸ்க்குகளில் ஹெட் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும் கோளாறு உண்டு. குளிரில் உலோகம் சுருங்கி, எப்போதாவது அது விடுபட்டிருக்கலாம். இன்றைய டிஸ்க்கை வெளியே எடுத்ததும், அதுவும் நம் ஊர் ஈரக்காற்றில், தகட்டின் மேல் பனித்துளி படியும். நானோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஹெட்டுக்கு அந்தத் துளி ஒரு மலை.

மூடியைத் திறந்து பார்ப்பதும் அப்படியே. தூசு வடிகட்டிய சுத்த அறை வைத்திருப்பவர்கள் திறக்கட்டும். ஃபேன் ஓடும் அறையில் மேஜை மேல் வைத்து 'இதோ பார்த்துடலாம் சார்' என்று ஸ்க்ரூ டிரைவரை எடுப்பவரிடமிருந்து டிஸ்க்கை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் அதே மாடல் டிஸ்க் வாங்கி, கீழே இருக்கும் பச்சைப் பலகையை மட்டும் மாற்றிப் போடுவது இன்னொரு பிரபலமான முயற்சி. இருபது வருஷத்துக்கு முன் பலித்திருக்கும். இன்றைய பலகையில் உள்ள ரோம் சிப்பில் அந்த ஒரு டிஸ்க்குக்கே உரிய அளவுகள் இருக்கின்றன. சிப்பையும் பெயர்த்து மாற்றாமல் போட்டால் பெரும்பாலும் டிஸ்க் அடையாளம் காட்டாது. அடாப்டர் மாற்றிச் செருகிப் பலகை போனவர்கள் மட்டும் மனம் தளர வேண்டாம். அதிக மின்னழுத்தம் வந்தால் தான் எரிந்து மற்றதைக் காப்பாற்றவே அங்கே ஒரு சின்ன டையோடு இருக்கிறது. பல நேரம் பழுது அதோடு நின்றிருக்கும்.

நீரில் மூழ்கிய டிஸ்க்குக்கு நாம் செய்வது, செய்ய வேண்டியதற்கு நேர் எதிரானது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வேளச்சேரி, முடிச்சூர்ப் பக்கமிருந்து வந்தவற்றில் பலவும் மொட்டை மாடி வெயிலில் காய்ந்தவை, சில அரிசி டப்பாவில் கிடந்தவை. சாதாரண டிஸ்க்கில் காற்று போக ஒரு சிறு துளை உண்டு, அதன் வழியே தண்ணீர் உள்ளே போயிருக்கும். காயவைத்தால் சேறும் உப்பும் தகட்டில் ஒட்டிக் கெட்டியாகிவிடும். ஈரமாகவே பையில் போட்டு மூடி, பவர் கொடுக்காமல் ரெகவரி ஆட்களிடம் சேர்ப்பதே வழி.

அப்படிச் சேர்த்தால் எவ்வளவு தூரம் மீள முடியும் என்பதற்கு ஒரு கதை உண்டு. 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேருடன் சிதறிய கொலம்பியா விண்கலத்தில் இருந்த ஹார்ட் டிஸ்க் ஒன்று, மாதங்கள் கழித்து ஓர் வறண்ட ஏரிப் படுகையில் கிடைத்தது. வெளிப்பகுதி உருகி, உள்ளே மண் புகுந்து, தகடுகளில் குழிகள்கூட விழுந்திருந்தன. மினியாபொலிஸில் க்ரோல் ஆன்ட்ராக் நிறுவனத்தார் தகடுகளைச் சுத்தம் செய்து 99 சதவீதத் தகவலை எடுத்துவிட்டார்கள். அதில் பதிவாகியிருந்த, செனான் வாயுவைப் பற்றிய பரிசோதனை ஒன்றின் முடிவுகள் 2008-இல் வெளியாயின. டிஸ்க் பாதிதான் நிறைந்திருந்தது, அதில் ஓடிய டாஸ் என்ற பழைய இயங்குதளம் டேட்டாவைச் சிதறவிடாமல் ஒரு பக்கமாக எழுதியிருந்தது, சேதம் காலி இடத்தில் விழுந்தது. அதிர்ஷ்டம்தான். ஆனால் அதை இடையில் யாரும் ஆறு தடவை ரீஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை.

பூட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். புதிய விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க், பிட்லாக்கர் என்ற குறியாக்க வசதியால் பூட்டப்பட்டே வருகிறது. 48 இலக்க மீட்புச் சாவி இல்லாவிட்டால், டேட்டா முழுதாகக் கிடைத்தாலும் படிக்க முடியாது. பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். டிஸ்க் நன்றாக இருக்கும்போதே தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரெகவரி கடைக்குப் போனால் உண்மையைச் சொல்லுங்கள். விழுந்ததா, தட்டினீர்களா, என்ன ஓட்டினீர்கள் என்று தெரிந்தால்தான் பவர் கொடுக்கலாமா கூடாதா என்றே அவர்களால் முடிவு செய்ய முடியும். அந்த ஆடிட்டரோடு ரெகவரி கடைக்கு நானும் போயிருந்தேன். "நாங்க எதுவுமே செய்யலைங்க, தானா நின்னுபோச்சு" என்றார் அவர். கடையிலிருந்த இளைஞர் டிஸ்க்கைத் திருப்பி, பலகையின் ஓரத்தில் படிந்திருந்த வெள்ளைத் தடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "எவ்ளோ நேரம் ஃப்ரீசர்ல இருந்துச்சு சார்?"