பிள்ளைகளை ஓடவிடுவதில் நடக்கும் தவறுகள்

ஒவ்வொரு ஜூனிலும் புதிதாகச் சேரும் பி.டி. ஆசிரியர்களைப் பார்க்கிறேன். நாங்கள் அந்த வயதில் செய்த அதே கூத்து. உச்சி வெயிலில் ஓடவிடாதே, தண்ணீர் குடிக்கச் சொல் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

குண்டுப் பிள்ளையை மட்டும் ஓடவிடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். குடவாசல் பக்கம் ஒரு பள்ளி. ஏழாம் வகுப்புப் பெண், கொஞ்சம் பருமன். "நீ மட்டும் நாலு ரவுண்டு போய்ட்டு வாம்மா, உடம்பு குறையும்" என்கிறார் சார். மற்றவர்கள் புங்கமரத்தடியில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். அடுத்த வாரத்திலிருந்து பி.டி. பீரியட் வந்தாலே அவளுக்கு வயிற்றுவலி.

சிரித்தவர்களில் ஒரு பையன், குச்சி மாதிரி இருப்பான். வீட்டு வாசலில் வேன் ஏறிப் பள்ளி வாசலில் இறங்குகிறவன். சாயங்காலம் சிப்ஸ், செல்போன். அவனுக்கு ஒன்றுமில்லை என்று யார் சொன்னது? நம் ஊர் உடல்வாகுக்குக் கைகால் மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும். இரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு படியத் தொடங்குவதும் பள்ளி வயதிலேயேதான். மாரடைப்பாக வெளியே தெரிய நாற்பது, ஐம்பது வயதாகும், அவ்வளவுதான். தினமும் ஓடியாடும் பிள்ளைக்கு எடை ஒரு கிலோகூடக் குறையாவிட்டாலும் இரத்த அழுத்தம் சீராகும், இன்சுலின் ஒழுங்காக வேலை செய்யும். ஆகவே எடை மெஷினைப் பார்த்து ஆள் பிரிக்காதீர்கள்.

அந்தப் பெண்ணை அப்புறம் கிளித்தட்டில் கிளியாக நிறுத்தினோம். ஒருத்தரையும் தாண்டவிடவில்லை. பெல் அடித்த பிறகும் நடுக்கோட்டில் பாய்ந்துகொண்டிருந்தாள்.

பீரியட்டைக் கணக்கு சாருக்குக் கொடுப்பது

கொடுக்காதீர்கள்.

மழையென்று மூடிவிடுவது

ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் குளமாகத்தான் இருக்கும். தாழ்வாரமும் ஸ்கிப்பிங் கயிறும் இருக்கிறதே.

ஒரு மணி நேரத்தை ஒரேயடியாகக் கேட்பது

5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி. பிரித்துக்கொள்ளலாம். வேகமாக மிதித்து வந்த சைக்கிளும் கணக்கில் சேரும்.

பெரியவர் பட்டையால் பிரஷர் பார்ப்பது

ஒல்லிக் கைக்குப் பெரிய பட்டை சுற்றினால் அளவு குறைத்துக் காட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கூட்டிக் காட்டும். பள்ளி மருத்துவ முகாமில் பட்டையைப் பார்த்துவிட்டு அப்புறம் எண்ணை நம்புங்கள். 120/80 கணக்கும் சின்னப் பிள்ளைக்குப் பொருந்தாது. வயது, உயரம், ஆணா பெண்ணா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

விழுந்தால் வெயில் என்று விடுவது

ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுகிற பிள்ளை, ஓடினால் நெஞ்சு வலிக்கிறது என்கிற பிள்ளை, சின்ன வயதில் திடீரென இறந்தவர் உள்ள குடும்பத்துப் பிள்ளை: சோடா கொடுத்து மறுபடி வரிசையில் நிறுத்தாதீர்கள். மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை மைதானம் வேண்டாம்.

தொண்டைவலி வந்துபோய்ச் சில வாரத்தில் மூட்டு மாற்றி மூட்டு வீங்கினால், "வளர்ற வயசு" என்று அனுப்பிவிடாதீர்கள். அது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். மூட்டை விட்டுவிட்டு இதய வால்வைப் பிடித்துக்கொள்ளும். அதற்காக மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடும் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். ஊசி நாளில் லீவு கேட்டால் காரணம் நோண்டாமல் கொடுத்துவிடுங்கள்.