மோட்டரைப் போட்டால் மூக்கைத் தூக்கிய கிளைடர்

வரைபடத்தைப் பார்த்துப் பல்சா என்ற பாரமில்லாத மரத்தில் நானே வெட்டி ஒட்டிய, இறக்கை 2 மீட்டர் அகலமான கிளைடர் இது: மோட்டரால் ஏறி, அதை நிறுத்தியதும் காற்றில் மிதக்கும் மாதிரி விமானம். சிறுபோகம் அறுத்த வயலில், சோளகக் காற்று எழும்புவதற்கு முன் விடியவே பறக்கவிட்டேன். கிளிநொச்சிப் பக்கம் அந்த நேரந்தான் காற்று அடங்கியிருக்கும்.

மோட்டரை முழுதாகக் கொடுத்ததும் மூக்கு வானத்தைப் பார்த்தது. வேகம் செத்து, ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. நல்லகாலம், வைக்கோல் தாங்கிக்கொண்டது.

வால் பாரம் என்று நினைத்து மூக்கில் 20 கிராம் ஈயம் வைத்தேன். பிழையான வைத்தியம். மோட்டரை நிறுத்தினால் இப்போது மூக்குக் குத்தி இறங்கியது. "அண்ணை, ஈயம் வைக்க முந்தி மோட்டர் இல்லாமல் வடிவாத்தானே மிதந்தது?" என்றான் தம்பி. அதுதான் விடை. மிதப்பு சரியென்றால் பாரச்சமநிலையும் சரி. பிழை மோட்டர் இழுக்கும் கோட்டில்; அதுதான் மூக்கை மேலே தூக்குகிறது.

ஈயத்தைக் கழற்றினேன். மோட்டருக்கும் அது பூட்டிய பலகைக்கும் இடையில், மேல் திருகுகள் இரண்டிலும் 1 மில்லிமீட்டர் வாஷர் போட்டேன். மேல் கீழ்த் துளைகளுக்கு இடைவெளி 19 மில்லிமீட்டர். ஆகவே மோட்டர் ஏறத்தாழ 3 பாகை கீழே சாயும். மோட்டர் சுற்றும் விசிறி உடம்பில் உரசாமல் கையால் சுற்றிப் பார்த்து, திருகுகளுக்குப் பசை தொட்டு இறுக்கினேன்.

அடுத்த நாள் விடிய, முழு மோட்டரில் சீராக ஏறியது. நிறுத்தியதும் மடிப்பு விசிறி பின்னால் மடங்கியது. சத்தமே இல்லாமல் பனைகளுக்கு மேலே வட்டமிட்டது.