அம்மை போட்ட வீட்டில் செய்யக்கூடாதவை

மாசி, பங்குனியில் நம்ம திருநெல்வேலிப் பக்கம் ஏதாவது ஒரு வாசலில் வேப்பங்குலை தொங்கும். "பிள்ளைக்கு அம்மா வந்திருக்கா" என்பார்கள். அந்த வேப்பங்குலை நல்ல ஏற்பாடு. சின்னம்மை காற்றிலேயே பரவும் வைரஸ் நோய். குலையைப் பார்த்து வெளியாள் திரும்பிப் போவது எல்லோருக்கும் நல்லது. அம்மனைக் கும்பிடுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் "ஆஸ்பத்திரிக்குப் போனா அம்மா கோவிச்சுக்குவா" என்று பிள்ளையை வீட்டிலேயே வைத்திருப்பதுதான் முதல் தவறு. வைரஸுக்கான மாத்திரை தேவைப்படும் பிள்ளைகளுக்கு, முத்து கிளம்பிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அது நன்றாகக் கேட்கும்.

அடுத்தது தண்ணி ஊற்றும் கணக்கு. மூணாம் நாள், அஞ்சாம் நாள் என்று ஒற்றைப்படை பார்த்துத் தலைக்கு ஊற்றிவிட்டு, மறுநாளே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். நாளை எண்ணாதீர்கள், தோலைப் பாருங்கள். முதுகைப் பாருங்கள், தலைமுடியை விலக்கிப் பாருங்கள். நீர் கோத்த முத்து ஒன்று மிச்சமிருந்தாலும் பரவும். எல்லாம் பொருக்குத் தட்டி, புதிதாக எதுவும் கிளம்பாமல் இருக்க வேண்டும். பெரும்பாலும் 5 முதல் 7 நாள் ஆகும், சில பிள்ளைகளுக்குக் கூடவும் ஆகும். அதுவரை குளிப்பாட்டவே கூடாது என்பதும் சரியல்ல. வெதுவெதுப்பான தண்ணீரை மேலுக்கு ஊற்றி, தேய்க்காமல் துண்டால் ஒற்றியெடுத்தால் அரிப்பு அடங்கும்.

அம்மை இருக்கும்போது நகம் வெட்டக்கூடாது என்று சில ஆச்சிமார் தடுப்பார்கள். கட்டாயம் வெட்டுங்கள். தழும்பும் சீழும் பெரும்பாலும் சொறிவதால் வருபவைதான்.

காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் ரை நோய்க்குறி வரலாம். ஐபுபுரூஃபனும் வேண்டாம். டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். இளநீர், நுங்கு, மோர் கொடுங்கள். அதோடு இட்லி, பருப்பு, முட்டை என்று பிள்ளை கேட்பதையும் கொடுங்கள். வெறும் கஞ்சியில் போட்டு வாட்ட வேண்டாம்.

எனக்கு அதிகம் பயம் திண்ணையை நினைத்துத்தான். பீடி சுற்றும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், அவர்களில் மாசமாக இருக்கும் ஒருத்தி சின்னம்மையே வராதவளாக இருக்கலாம். முத்து தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும் என்பதால், விஷயம் தெரிந்ததும் மறைக்காமல் அவளிடம் சொல்லிவிடுங்கள். அவள் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். பிரசவத்தை ஒட்டித் தாய்க்கு அம்மை வந்தால் பச்சைப்பிள்ளையின் உயிருக்கே ஆபத்து.

மூச்சு வாங்கினால், பிள்ளை சுருண்டு படுத்து எழும்பாமல் கிடந்தால், கழுத்து விறைத்தால், விடாமல் வாந்தி எடுத்தால், முத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கினால் ராத்திரி என்று பார்க்காமல் ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ கிளம்புங்கள்.

அரசு போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி சின்னம்மையைத் தடுக்காது. அதற்குத் தனி ஊசி உண்டு. 15 மாதத்தில் ஒன்று, பிறகு இன்னொன்று. பெரும்பாலும் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். வீட்டில் ஒரு பிள்ளைக்கு அம்மை வந்துவிட்டாலும், இதுவரை வராத அண்ணன் தம்பிக்கு 3 நாளுக்குள் ஊசி போட்டால் பலன் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.