குக்கரில் வெள்ளைக் கோழிக் குருமா: எங்கே சொதப்புகிறது?

முதன்முதலாக நான் குக்கரில் வைத்த வெள்ளைக் கோழிக் குருமா, மூடியைத் திறந்தபோது குருமாவாக இல்லை. மேலே எண்ணெய், அதற்குக் கீழே வடிகஞ்சி நிறத்தில் தண்ணீர், கரண்டி விட்டுக் கிளறினால் ரவை தூவியதுபோல் வெள்ளைத் துகள்கள். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு முந்திரி கருகி ஒட்டியிருந்தது. விருந்துக்கு வந்திருந்த பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு மூடிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அதைத்தான் செய்திருந்தேன். கோழி, தயிர், முந்திரி விழுது, கிரீம், அரை மூடி எலுமிச்சை, நாலு விசில்.

குக்கருக்குள் போக வேண்டியது கோழியும் வதக்கிய மசாலாவும் மட்டும்தான். தயிர், கிரீம், தேங்காய்ப்பால், முந்திரி விழுது என்று வெள்ளையாக இருக்கும் எதுவும் மூடியைத் திறந்த பிறகுதான். இந்த ஒரு வரிசையை மாற்றுவதால்தான் பாதித் தவறுகள் வருகின்றன. சிவப்புக் குழம்பில் தயிர் லேசாகத் திரிந்தாலும் மிளகாய்த்தூளும் தக்காளியும் மறைத்துவிடும். வெள்ளைக் குருமாவில் எதையும் மறைக்க முடியாது.

திரிவது ஏன்?

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. குக்கரில் வெயிட் ஆடும்போது உள்ளே கிட்டத்தட்ட 120 டிகிரி. கோழி எலும்புக்கு இது நல்லது. தயிருக்கு ஆகாது. தயிர் என்பதே புளித்து உறைந்த பால் புரதம்தான். சூடு ஏற ஏற அது இறுகி, தன்னிடம் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். நாம் பார்க்கும் துகள் அதுதான். அந்த வெப்பத்தில், கிளறவும் வழியில்லாமல், பத்து நிமிடம் மூடி வைத்தால் வேறு என்ன நடக்கும்?

பால் ஊற்றினால் பரவாயில்லையா என்றால், அதற்கும் ஒரு சிக்கல் உண்டு. இஞ்சி டீ போடுகிறவர்களுக்கு இது தெரியும்: காயாத பாலில் பச்சை இஞ்சியைத் தட்டிப் போட்டுச் சூடேற்றினால் சில நாள் பால் திரிந்துபோகும். இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. நன்றாகக் கொதித்துவிட்டால் அது செயலிழந்துவிடும். அதனால்தான் இஞ்சியைத் தண்ணீரில் கொதிக்கவிட்டுப் பிறகு பால் ஊற்றச் சொல்வார்கள். குருமாவிலும் இதே கதைதான். அரைகுறையாக வதங்கிய இஞ்சி பூண்டு விழுது இருக்கும் பாத்திரத்தில் பாலையோ கிரீமையோ ஊற்றினால், கூடவே உப்பும் புளிப்பும் சேர்ந்தால், திரிவதற்கு எல்லா ஏற்பாடும் செய்து கொடுத்தாயிற்று.

எலுமிச்சையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பாலில் எலுமிச்சை பிழிந்துதான் பனீர் செய்கிறோம். குருமாவுக்குக் கட்டாயம் வேண்டும் என்றால் அடுப்பை அணைத்து, சூடு சற்றுத் தணிந்த பிறகு, நாலு சொட்டு.

தேங்காய்ப்பால் விஷயத்தில் நம் ஊர்ச் சமையல் ஏற்கெனவே தெளிவாக இருக்கிறது. திருநெல்வேலிச் சொதி வைப்பவர்கள் காய்களை இரண்டாம் பாலிலோ மூன்றாம் பாலிலோ வேகவைப்பார்கள். தலைப்பால் கடைசியில்தான். ஓரத்தில் நுரை கூடினால் உடனே இறக்கிவிடுவார்கள், கொதிக்க விடமாட்டார்கள். அதை அப்படியே கோழிக்கும் எடுத்துக்கொள்ளலாம். குக்கரில் தண்ணீருக்குப் பதிலாக மூன்றாம் பால் ஊற்றினால் தப்பில்லை, அதில் கொழுப்பு குறைவு. தலைப்பாலை மட்டும் மூடிக்குள் அடைக்காதீர்கள்.

தயிர் சேர்க்கும் அந்த இரண்டு நிமிடம்

திறந்த பிறகு சேர்த்தும் சிலருக்குத் திரிகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தயிரை அப்படியே கொதிக்கும் குழம்பில் கொட்டுவதுதான் காரணம். நான் செய்வதைச் சொல்கிறேன். கோழி வேகும்போதே ஒரு கிண்ணம் தயிரை வெளியே எடுத்து வைத்துவிடுவேன். புளித்த தயிர் வேண்டாம், அன்று உறைந்ததாக இருக்க வேண்டும். அதில் ஒரு தேக்கரண்டி சோளமாவு போட்டு, கட்டியே இல்லாமல் அடிக்க வேண்டும். மாவு புரதத் துகள்களுக்கு நடுவே புகுந்து அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். மோர்க்குழம்பில் அரிசியும் கடலைப்பருப்பும் ஊறவைத்து அரைத்துச் சேர்ப்பதும் இந்த வேலையைத்தான் செய்கிறது. முந்திரி விழுதோடு சேர்த்து அடித்தாலும் ஓரளவு அதே பலன் கிடைக்கும்.

அப்புறம், குழம்பிலிருந்து ஒரு கரண்டி சூடான சாற்றை எடுத்துத் தயிரில் ஊற்றிக் கலக்க வேண்டும். இன்னொரு கரண்டி. கிண்ணத்தைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். இப்போது அடுப்பை சிம்மில் வைத்து, குழம்பின் கொதி அடங்கியிருக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறினால் பட்டுப்போல் கலக்கும். ஒரே பக்கமாகத்தான் கிளற வேண்டும் என்று சொல்வார்கள். பக்கம் எதுவானாலும் சரி, ஓரத்தில் முதல் குமிழி வரும்வரை கையை எடுக்காமல் இருந்தால் போதும்.

கிரீம் அவ்வளவு படுத்தாது. கடையில் ஃப்ரெஷ் கிரீம் என்று பாக்கெட்டில் கிடைப்பதில் பெரும்பாலும் 25 சதவீதம் கொழுப்பு இருக்கும். கொழுப்பு கூடக்கூடத் திரியும் வாய்ப்பு குறையும். ஆனாலும் அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுவதே நல்லது. கொதிக்கவிட்டால் ருசி மழுங்கி, மேலே நெய் மிதக்க ஆரம்பிக்கும்.

விசிலை எண்ணாதீர்கள்

"கோழிக்கு எத்தனை விசில்?" என்று கேட்காத வீடு இல்லை. பதில் சொல்லத்தான் முடியாது. 3 லிட்டர் குக்கரில், பெரிய பர்னரில், முழுத் தீயில் வரும் மூன்று விசிலுக்கும், 7 லிட்டர் குக்கரில் சின்னத் தீயில் வரும் மூன்று விசிலுக்கும் நடுவே பத்து நிமிட வித்தியாசம்கூட இருக்கலாம். நிமிடத்தை எண்ணுங்கள். எலும்போடு வெட்டிய பிராய்லர் கோழிக்கு, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நாலு நிமிடம், பிறகு அணைத்துவிடலாம். பிரஷர் அடங்கும்வரை உள்ளே வேக்காடு நடந்துகொண்டே இருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நாட்டுக்கோழி என்றால் இது வேறு கணக்கு, கோழியின் வயதைப் பொறுத்து சிம்மில் 15 முதல் 20 நிமிடம், முற்றியதென்றால் அதற்கும் மேல்.

பிரஷர் குக்கரின் முன்னோடியை 1679இல் உருவாக்கிய டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர், எலும்பை மிருதுவாக்குவதற்காகத்தான் அதைச் செய்தார். இன்றைக்கும் குக்கர் கெட்டிக்காரத்தனம் காட்டுவது எலும்பு, தசைநார், ஜவ்வு இருக்கும் துண்டுகளில்தான். தொடையும் காலும் அதில் போட ஏற்றவை. எலும்பில்லாத நெஞ்சுக்கறியைக் குக்கரில் போட்டு நாலு விசில் விடுவதைவிட, வாணலியில் மூடிபோட்டு பத்து நிமிடம் வேகவைத்துவிடலாம். நெஞ்சுக்கறியில் கரைய ஜவ்வு இல்லை. இருக்கும் நீரையும் இழந்துவிட்டு, குருமாவில் ஊறிக்கிடந்தாலும் வாயில் பஞ்சாக இருக்கும்.

விருந்தாளி வாசலில் நிற்கும்போது கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடுவதும், குழாயடியில் குக்கரைக் காட்டுவதும் நாம் எல்லோரும் செய்ததுதான். அப்போது உள்ளே 120 டிகிரியில் இருக்கும் சாறு, அழுத்தம் போனதும் கொந்தளித்துக் கொதிக்கும். கறிக்குள் இருக்கும் ஈரமும் சேர்ந்து வெளியேறும், கறி விறைத்துப்போகும். குழம்பு ஆவியோடு துளை வழியாகப் பீய்ச்சி அடித்தால் கைக்கும் முகத்துக்கும் ஆபத்து. பத்து நிமிடம் பொறுத்து, பிரஷர் தானாக அடங்கட்டும்.

தண்ணீரும் பச்சை வாசனையும்

குக்கரில் எதுவும் வற்றாது. திறந்த சட்டியில் பழகிய கை இங்கேதான் ஏமாறும். கிலோ கோழியே கணிசமான தண்ணீர் விடும், கழுவி வடிகட்டாமல் போட்டால் இன்னும் கூடும். மசாலாவோடு கோழியை ஐந்து நிமிடம் பிரட்டுங்கள், அதுவே நீர் விட்டுக்கொள்ளும். அதற்குமேல் அரை டம்ளர் தண்ணீர் போதும். இரண்டு டம்ளர் ஊற்றினால் கடைசியில் குருமாவுக்குப் பதில் சூப்தான் கிடைக்கும். பிறகு அதைக் கெட்டியாக்க முந்திரி மேல் முந்திரியாக அரைத்து ஊற்ற வேண்டிவரும்.

அதே காரணத்தால், வதக்காமல் விட்ட எதன் பச்சை வாசனையும் வெளியே போக வழியில்லை. இஞ்சி பூண்டின் காரநெடி உள்ளேயே சுற்றி, குழம்பிலேயே இறங்கிவிடும். மூடும் முன்பே வதக்கி முடித்துவிட வேண்டும். ஆனால் வெள்ளைக் குருமாவுக்கு வெங்காயம் சிவக்கக் கூடாது, இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும் என்பதுதான் சிரமம். தீயைக் குறைத்து, வெங்காயத்தில் உப்பைச் சேர்த்து, கண்ணாடிபோல் ஆனதும் இஞ்சி பூண்டு விழுது. ஒட்ட ஆரம்பித்தால் ஒரு கை தண்ணீர் தெளித்து வதக்கலாம். மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் வேண்டாம். காரத்துக்குக் கீறிய பச்சை மிளகாய், வாசனைக்குப் பட்டை, கிராம்பு, ஏலக்காய், சோம்பு.

கசகசா சேர்ப்பவர்கள் முந்திரியோடு ஊறவைத்து அரைக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் கசகசாவுக்குத் தடை உண்டு. ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். முந்திரியும் தேங்காயும் மட்டுமே போதுமான கெட்டி கொடுக்கும்.

முந்திரி விழுதைக் குக்கருக்குள் ஏன் போடக்கூடாது என்றால், அதில் மாவுச்சத்தும் கொழுப்பும் இருப்பதால் சூடானதும் அடியில் படிந்து கெட்டியாகிவிடும். மூடி போட்டபிறகு கிளறவா முடியும்? அடி கருகும்வரை நமக்குத் தெரியாது. எலெக்ட்ரிக் குக்கரில் 'பர்ன்' என்று எழுத்துக் காட்டிச் சமையலை நிறுத்துவதும் பெரும்பாலும் இதனால்தான். வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, விரலால் தேய்த்தால் திப்பி தட்டாத அளவுக்கு அரைத்து, திறந்த குக்கரில் சேர்த்து, சிம்மில் நாலைந்து நிமிடம் கிளறினால் போதும். ஆறும்போது இன்னும் கெட்டியாகும், அதனால் சற்றுத் தளர இருக்கும்போதே இறக்கிவிடுங்கள்.

ஒரு பாதுகாப்பு விஷயம். குக்கரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். மூடும் முன் மூடியைத் தூக்கிப் பிடித்து, வெயிட் மாட்டும் துளையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். கெட்டியான குழம்பு அங்கே ஏறிக் காய்ந்திருந்தால் ஆவி போக வழி அடைபடும்.

திரிந்தே விட்டால்?

அடுப்பை அணைத்துவிட்டு, கோழித் துண்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள். சாறு நன்றாக ஆறியதும் பத்து ஊறிய முந்திரியோடு மிக்ஸியில் ஒரு சுற்று. சூடாக ஊற்றினால் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே அடிக்கும், அந்த அவசரம் வேண்டாம். திரும்பவும் சிம்மில் வைத்துக் கோழியைச் சேர்த்தால் முக்கால்வாசி சரியாகிவிடும். பழைய வழவழப்பு வராது, ஆனால் இலையில் வைக்கலாம். அடிப்பிடித்தது என்றால் சுரண்டக் கூடாது, கிளறக் கூடாது. மேலாக இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

அன்று பெரியம்மா செய்தது வேறு. மேலாக இருந்த கோழியை மட்டும் அள்ளி வாணலியில் போட்டார். சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, இரண்டு கரண்டி மிளகாய்த்தூள், ஒரு பிடி மிளகு. திரிந்த தயிரெல்லாம் மசாலாவோடு மசாலாவாகக் கறியில் ஒட்டிக்கொண்டது. பந்தியில் மூன்று பேர் வறுவல் இன்னும் கொஞ்சம் கேட்டார்கள். இடியாப்பத்துக்குக் குருமா எங்கே என்று கேட்ட ஒரே ஆள் என் தம்பி. அவனுக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போனது.